காரீயத் தோட்டாக் கட்டுப்பாடும் .22 ரைபிளும்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த காலத்தில், என்.சி.சி. சீருடையோடு 25 கஜத் தொலைவில் படுத்துக்கொண்டு முதன்முதலாக .22 ரைபிளை (0.22 அங்குலக் குழல் கொண்டது) சுட்டவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். இப்போது வார இறுதிகளில் ஒரு சிறிய சுடுதளத்தில் இளையவர்களுக்குத் துணையாக நிற்கிறேன். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் காரீயத் தோட்டாக்களுக்குக் கட்டுப்பாடு வருகிறது என்ற செய்தி பரவிய நாளிலிருந்து, பயிற்சிக்கு வரும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரீயம் நஞ்சு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; .22 போட்டி ரைபிளுக்கு அதற்கு ஈடான மாற்று இன்னும் கைக்கு வரவில்லை என்பதிலும் சந்தேகம் இல்லை. இந்த இரண்டும் உண்மை என்றால், சுட்ட குண்டைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு சுட்டவருடையது.

இந்தியாவில் காரீயத் தோட்டாவுக்குத் தடை வந்துவிட்டதா?

வரவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம், எத்தனை தோட்டா வாங்கலாம், எங்கே எடுத்துச் செல்லலாம் என்பவற்றை விரிவாகச் சொல்கின்றன. குண்டில் காரீயம் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே உரிமம் உள்ளவர்களும், சங்கத்தின் பொறுப்பில் சுடும் மாணவர்களும் இன்று எதையும் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் காரீயத்தின் மீது நம் அரசு கைவைக்காது என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்தது; 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பெயின்டுக்கு வந்தது தோட்டாவுக்கும் ஒருநாள் வரலாம். அந்த நாளில் நம் சுடுதளங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் நமக்கு விலக்கு கிடைப்பதும் கிடைக்காததும் அமையும் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறோம். ஈயம் அவ்வளவு கெடுதலா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு மாணவனின் பாட்டி. மிக நியாயமான கேள்வி, ஏனென்றால் குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் வெள்ளீயம், காரீயம் என்று இரண்டு உலோகங்கள் உண்டு. பேச்சில் இரண்டையுமே ஈயம் என்று சொல்லிவிடுகிறோம். ரசம் வைக்கும் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசும் பூச்சும் வெள்ளீயம். தோட்டாவின் தலையில் இருப்பதும், பழைய பேட்டரிக்குள் இருப்பதும், மீன்வலையின் விளிம்பில் கோத்திருப்பதும் காரீயம். நஞ்சு என்று சொல்லப்படுவது காரீயம் மட்டுமே. (சொம்பு வாங்கும்போது வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருக்கிறதா என்று கேட்டு, நம்பிக்கையான கடையில் வாங்குவது நல்லது, அது தனி விஷயம்.) இந்தப் பக்கத்தில் இனி வரும் இடங்களில் காரீயம் என்றே எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் உண்மையில் என்னதான் நடந்திருக்கிறது?

ஒரே தடை எல்லா இடத்திலும் வந்துவிட்டது போலப் பேசுகிறார்கள். நடந்தது அப்படி அல்ல. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வாசல் வழியாக வந்திருக்கிறது.

நீர்ப்பறவை வேட்டையில் காரீய ரவையை (ஒரே தோட்டாவிலிருந்து சிதறிப் பாயும் சிறு உருண்டைகள்) அமெரிக்கா 1991இலேயே நாடு முழுவதும் நிறுத்தியது. கலிபோர்னியா மாநிலம் 2013இல் ஒரு சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் எல்லா வகை வேட்டைக்கும் காரீயத் தோட்டாவைத் தடை செய்தது. பிணந்தின்னும் காண்டார் கழுகுகள், வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற இறைச்சியோடு காரீயத் துணுக்குகளையும் விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தது அதற்கு முக்கியக் காரணம். அந்தச் சட்டம் வேட்டையைத்தான் தொட்டது. சுடுதளத்தில் இலக்குத் தாளைச் சுடுவதைத் தொடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றியும் காரீய ரவை கூடாது. அதற்கு முன்பே, 2021இல், ஒன்றியத்தின் வேதிப்பொருள் முகமை இன்னும் பரந்த கட்டுப்பாட்டை முன்மொழிந்தது. அப்போது அது சொன்ன கணக்கு: ஆண்டுக்கு ஏறத்தாழ 44,000 டன் காரீயம் சுற்றுச்சூழலில் சேர்கிறது, அதில் பாதிக்கும் மேல் விளையாட்டுச் சுடுதலிலிருந்து வருகிறது. இந்த வரியை நம்மவர்கள் நின்று படிக்க வேண்டும். வேட்டைக்காரரைவிட நாமே அதிகம் கொட்டுகிறோம். ஆனாலும் அந்த முன்மொழிவு ரைபிள் சுடுதளங்களை மூடச் சொல்லவில்லை; குண்டு முழுவதையும் பிடித்து வைக்கும் பொறியோ, அடியில் நீர் இறங்காத விரிப்போடு கூடிய மணல் அமைப்போ இருந்தால் காரீயத்தைத் தொடரலாம் என்றது. வேட்டைக்குப் பெரிய தோட்டாவுக்கு 18 மாதமும் .22 உள்ளிட்ட சிறிய தோட்டாவுக்கு 5 ஆண்டும் அவகாசம் சொல்லப்பட்டது. இதன் மீதான வரைவை ஐரோப்பிய ஆணையம் 2025 பிப்ரவரியில் முன்வைத்தது.

பிரிட்டன் 2025 ஜூலையில் தன் முடிவை அறிவித்தது. ரவையில் 1 சதவீதத்துக்கு மேலும், குண்டில் 3 சதவீதத்துக்கு மேலும் காரீயம் இருக்கக் கூடாது; மாறிக்கொள்ள 3 ஆண்டு அவகாசம். ஆனால் குண்டுக்கான விதி 6.17 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான். நம் .22 என்பது 5.6 மில்லிமீட்டர். சிறிய குண்டுக்குத் தகுந்த மாற்று இல்லை என்பதை ஆய்வு செய்தவர்களே ஒப்புக்கொண்டு அதை வெளியே வைத்தார்கள்.

பறவைக்கும் தோட்டாவுக்கும் என்ன தொடர்பு?

வீட்டில் கோழி அறுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதன் அரைவைப்பையைக் கீறினால் உள்ளே பொடிக்கற்கள் இருக்கும். பல் இல்லாத பறவை அந்தக் கற்களை வைத்துத்தான் தானியத்தை அரைக்கிறது. வாத்தும் அப்படியே. குளத்துச் சேற்றில் கிடக்கும் காரீய ரவை அதன் கண்ணுக்கு ஒரு பொடிக்கல். விழுங்கிய ரவையை அந்தப் பை தேய்க்கத் தேய்க்க, காரீயம் கரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. பறவை உடனே சாவதில்லை. சோர்ந்து, இறக்கை தொங்கி, உண்ண முடியாமல் சில வாரங்களில் சாகிறது.

நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் நமக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்ல வேண்டியதில்லை. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அங்கே இறங்குகின்றன. கூழைக்கடாக்கள் ஊருக்குள்ளேயே மரத்தில் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட மாவட்டத்தில் ரைபிள் பிடிக்கும் நாம், ஒரு ரவை, ஒரு பெல்லட் (ஏர் கன் குண்டு) கூடக் குளத்தங்கரையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர் கன்னால் கொக்கையும் நாரையையும் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதால் குற்றம் இல்லாமல் போய்விடாது.

பெரிய ரைபிளுக்குச் செம்புக் குண்டு வந்துவிட்டதே, .22க்கு மட்டும் ஏன் முடியவில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் பொறுமையாக விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது.

ஒரு .22 தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். குண்டின் முன்பகுதியும் பித்தளைக் கூடும் ஏறத்தாழ ஒரே பருமனாக இருக்கும். குண்டின் பின்பகுதி மட்டும் சற்றுக் குறுகிக் கூட்டுக்குள் நுழைந்திருக்கும். விரலால் தடவினால் லேசாகப் பிசுபிசுக்கும்; அது மெழுகுப் பூச்சு. நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் அளவுக்குக் காரீயம் மென்மையாக இருக்கும். இந்த மென்மையை நம்பித்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தோட்டாவை வடிவமைத்தார்கள். வெடிமருந்து எரிந்ததும் அதன் அழுத்தத்தில் குண்டின் பின்பகுதி விரிந்து குழலை இறுக அடைத்துக்கொள்கிறது. குழலுக்குள் சுருளாக வெட்டிய உட்புரிகள் அதில் எளிதாகப் பதிந்து குண்டைச் சுழற்றிவிடுகின்றன. .22இல் உருவாகும் அழுத்தம் பெரிய ரைபிளோடு ஒப்பிட்டால் குறைவு. செம்பை அப்படி விரியச் செய்ய அந்த அழுத்தம் போதாது.

அடுத்தது எடை. போட்டித் தோட்டாவின் குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பு 8.96, துத்தநாகம் 7.14. அதே அளவில் செம்பால் செய்தால் குண்டு சுமார் 2 கிராம்தான் வரும், துத்தநாகத்தில் இன்னும் குறையும். எடையைக் கூட்ட வேண்டுமானால் குண்டை நீளமாக்க வேண்டும். நீளமான குண்டு தள்ளாடாமல் பறக்க இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஆனால் .22 ரைபிள்களின் குழல் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் புரி வெட்டப்பட்டது. புரியை மாற்றுவது என்றால் குழலையே மாற்றுவது.

அதனால் தயாரிப்பாளர்கள் எதிர்த்திசையில் போனார்கள்: இலகுவான குண்டு, கூடுதல் வேகம். சி.சி.ஐ. நிறுவனத்தின் செம்புத்தூளும் பாலிமரும் கலந்த .22 குண்டு 21 கிரெய்ன்தான். வினாடிக்கு சுமார் 560 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. முயல் வேட்டைக்கு அது உதவலாம். போட்டி ரைபிள் சுடுபவர் தேடுவது வேறு. நம் போட்டித் தோட்டா வினாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில், ஒலியின் வேகத்துக்குக் கீழேயே நிற்கும்படி செய்யப்பட்டது. ஒலியின் வேகத்துக்கு மேலே புறப்பட்டு வழியில் அதற்குக் கீழே இறங்கும் குண்டு, இறங்கும் இடத்தில் ஆடும். ஆடிய குண்டு சொன்ன இடத்தில் போய் விழாது. பிறகு காற்று. ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அந்தக் காற்றில் 2.6 கிராம் குண்டே 50 மீட்டரில் வளையம் மாறும். அதில் பாதி எடையுள்ள குண்டு வேகம் இழக்க இழக்கப் பக்கவாட்டில் தள்ளப்படுவதை என்ன பயிற்சி செய்தாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நல்ல குழலும் அதற்குப் பொருந்திய காரீயத் தோட்டாவும் சேர்ந்தால், தாங்கியில் பொருத்திச் சுட்ட பத்துக் குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். அந்த நெருக்கத்தைத் தரும் காரீயமில்லாத .22 தோட்டாவை நான் இதுவரை கண்டதில்லை. உலகப் போட்டிகளை நடத்தும் ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியும் காரீயம் அல்லது அதுபோன்ற மென்பொருளால் ஆன குண்டையே அனுமதிக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது) வெண்கலம் வென்றதும் அந்த விதிக்குள் நின்றுதான்.

10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுபவர்களுக்கும் இதே சிக்கலா?

அவர்கள் நிலை கொஞ்சம் எளிது. 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டுக்கு வெடிமருந்து இல்லை, அதைப் பற்றவைக்கும் பிரைமர் இல்லை, தொலைவு பத்தே மீட்டர். வெள்ளீயத்தால் செய்த பெல்லட்கள் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. துல்லியத்தில் நல்ல காரீயப் பெல்லட்டுக்கு இன்னும் ஒரு படி கீழேதான் என்றாலும், தொடக்கநிலை மாணவர்களுக்குப் போதும். பள்ளிகளில் புதிதாக ஏர் ரைபிள் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே வெள்ளீயத்துக்குப் போய்விடுவதை நான் வரவேற்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு அடுத்ததை ஏற்றுவதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கட்டுப்பாடு நம்மை எந்த வழியில் தொடும்?

விலை வழியாகத் தொடும். போட்டிக்குச் சுடுபவர்கள் நம்பியிருக்கும் .22 தோட்டாக்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, ஜெர்மனி ஆலைகளிலிருந்து இறக்குமதியாகின்றன. அந்த ஆலைகளுக்குத் தங்கள் ஊர் வேட்டைக்காரர்களும் வாடிக்கையாளர்கள். அவர்கள் காரீயத்தை விட்டு விலகினால் உற்பத்தி அளவு குறையும், ஒரு பெட்டிக்கு ஆகும் செலவு கூடும். காரீயத்தைக் கையாளும் ஆலைகளுக்கான விதிகள் இறுகினால் அதுவும் விலையில்தான் வந்து ஏறும். ஒரு நாள் பயிற்சிக்கு 60 தோட்டா சுடும் மாணவன், விலை கூடினால் 40 சுடுவான். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளை இது முதலில் தாக்கும் என்பதே என் கவலை. உலர்பயிற்சி, அதாவது தோட்டா இல்லாமல் குறிவைத்து விசையை இழுத்துப் பழகுவது, இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும்; நல்ல பயிற்சியாளர்கள் இதை எப்போதும் சொல்லி வந்திருக்கிறார்கள்.

சுடுவதால் உடம்பில் காரீயம் ஏறுமா? குண்டு வெளியேதானே போகிறது?

குண்டு வெளியே போகிறது. புகையும் தூளும் நம்மிடம் தங்குகின்றன. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. .22 தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கும் பிரைமர் கலவையில் பொதுவாக லெட் ஸ்டிஃப்னேட் என்ற காரீய உப்பு சேர்ந்திருக்கிறது. விசையை இழுத்தவுடன் அது மிக நுண்ணிய தூளாகக் காற்றில் கலந்து, சுடுபவரின் முகத்தருகே மிதக்கிறது. குண்டின் அடிப்பகுதியும் சூட்டில் கொஞ்சம் ஆவியாகிறது. ஆகவே நாளைக்கே செம்புக் குண்டு வந்தாலும், பிரைமர் மாறாத வரை மூடிய அறையில் சுடுபவரின் மூச்சில் காரீயம் இருக்கத்தான் செய்யும். கட்டுப்பாடு பற்றிய பேச்சில் குண்டையே பேசிவிட்டுப் பிரைமரை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு வழி வாய். ஒரு சனிக்கிழமை, சுட்டு முடித்த கையோடு ஒரு பையன் வாழையிலைத் துண்டில் வைத்திருந்த அல்வாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். நெய் பட்ட விரல்களில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். அந்த நிறம் அல்வாவின் ஓரத்திலும் ஏறியிருந்தது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. நானும் அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்தவன்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரமே வாசலில் ஒரு குடமும் சோப்பும் வைத்தோம். கை கழுவாமல் யாரும் பையைத் திறக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் விதி.

உடம்பில் ஏறிய காரீயம் இரத்தத்தில் வாரக் கணக்கில் சுற்றி, பிறகு எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் அளவைக் குறைத்தது. பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியும் கற்கும் திறனும் பாதிக்கப்படும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகமும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சுடுதளத்தைத் தென்னந்துடைப்பத்தால் வறண்டபடி பெருக்கக் கூடாது. அது தரையில் கிடந்த காரீயத் தூளைக் கிளப்பி மூக்குக்குக் கொண்டுவரும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மூடிய அறை என்றால் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கத்திலிருந்து இலக்கை நோக்கிப் போகும்படி விசிறி அமைய வேண்டும்; மேலே சுழலும் சாதாரண மின்விசிறி தூளைச் சுற்றிச் சுற்றி அங்கேயே வைத்திருக்கும். சுடும்போது போட்ட சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. அடிக்கடி சுடுபவர்களும், இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேட்டைக் கிளறிச் சுத்தம் செய்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கர்ப்பமாக இருக்கும் பெண்கள் சுடலாமா?

வேண்டாம். காரீயம் தாயிடமிருந்து கருவுக்குப் போகிறது. குழந்தை பிறந்து, பால் கொடுக்கும் காலமும் முடியட்டும். ரைபிள் எங்கும் போய்விடாது. திரும்பவும் தொடங்கும்போது மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுடுதளத்து மண்மேட்டில் சேரும் காரீயம் எவ்வளவு? நிலத்தடி நீருக்குப் போகுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பேர் வாரத்துக்கு ஆளுக்கு 100 தோட்டா சுட்டால் 2,000 குண்டு, ஒவ்வொன்றும் 2.6 கிராம் என்றால் வாரத்துக்கு 5.2 கிலோ; ஆண்டுக்கு 270 கிலோ. பத்தாண்டு நடக்கும் சிறிய தளத்தின் பின்னால் இரண்டரை டன்னுக்கு மேல் காரீயம் மண்ணில் கிடக்கும். அதை எடுக்காமல் விட்டுவிட்டுப் போனால், அந்த நிலத்தில் பின்னாளில் மாடு மேய்ப்பவருக்கும் வீடு கட்டுபவருக்கும் நாம் விட்டுச்செல்லும் சொத்து அதுதான்.

மண்ணின் தன்மையைப் பொறுத்துக் காரீயம் நகரும். புளிப்பான, அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணில் அது கரைந்து இறங்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசலில் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். ஆகவே மலையடிவாரத்துச் செம்மண்ணிலும் தேரி மணலிலும் தளம் அமைப்பவர்கள் கரிசல் காட்டுக்காரர்களைவிட அதிக எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். மண்ணின் பி.எச். அளவு 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்கும்படி சுண்ணாம்புக்கல் தூளைக் கலப்பது பல நாடுகளில் பரிந்துரைக்கப்படும் முறை. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பி சிமென்ட் ஆலையே நடக்கும் ஊர் நம்முடையது; அந்தத் தூளுக்கு இங்கே பஞ்சம் இல்லை.

கரைவதைவிட அடித்துச் செல்லப்படுவதே நம் பகுதியில் பெரிய ஆபத்து என்று நான் நினைக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர், தாமிரபரணி இரு கரையும் புரண்டது. அந்த மழையில் நாங்கள் பயன்படுத்தும் மண்மேட்டின் ஒரு ஓரம் சரிந்து, கீழே உள்ள ஓடை வரை செம்மண் இழுபட்டுக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், சேற்றின் மேல் மிளகு இறைத்தது போல நசுங்கிய குண்டுகள். நான்கு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குனிந்து பொறுக்கினோம்; எடுத்தது எத்தனை, போனது எத்தனை என்று சொல்ல வழியில்லை. அதற்குப் பிறகுதான் மேட்டின் மேல் தகரக் கூரை போட்டோம், அடியில் வாய்க்கால் வெட்டி ஒரு வண்டல் குழியில் நீரை நிறுத்தினோம். ஐரோப்பிய முன்மொழிவு கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

புதிதாகத் தளம் அமைப்பவர்கள் மண்மேட்டை மட்டும் நம்ப வேண்டாம். .22க்குச் சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெட்டிப் பொறியே போதும். குண்டு தகட்டில் பட்டுக் கீழே உள்ள தட்டில் விழுந்துவிடும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்யலாம், ஆனால் தகட்டின் கனமும் சாய்வும் தெறிப்பு பின்னால் வராதபடி அமைய வேண்டும் என்பதால் அனுபவம் உள்ளவர் பார்க்காமல் செய்யக் கூடாது. காரீயத்தைவிடக் கடினமான குண்டுகள் அதிகம் தெறிக்கும். நாளைக்குச் செம்புக் குண்டு வந்தால் இன்றைய பொறி அதற்குப் பொருந்துமா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்குள் பன்றி வருகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வைத்திருக்கும் எங்களை இது பாதிக்குமா?

கடையம், களக்காடு பகுதி விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். காரீயக் கட்டுப்பாடு எதுவும் இன்று அவர்களைத் தொடவில்லை. ஆனால் உரிமம் இருக்கிறது என்பதாலேயே வனவிலங்கைச் சுட உரிமை வந்துவிடாது. அதை வனத்துறை வழியாகத்தான் பேச வேண்டும். .22 ரைபிள் பன்றிக்கு உரிய ஆயுதமும் அல்ல; காயப்பட்ட பன்றி காட்டுக்குள் போய்ச் சாகும், அதன் உடலைத் தின்னும் கழுகும் நரியும் அந்தக் குண்டின் துணுக்குகளையும் சேர்த்தே தின்னும்.

பொறியில் சேர்ந்த காரீயத்தை என்ன செய்வது? வலைக்குக் குண்டு ஊற்றுகிறோம் என்று கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான விடை. உவரி, இடிந்தகரைப் பக்கம் வலைக்கும், ஆற்றோரத்தில் வீச்சுவலைக்கும் காரீயக்குண்டு தேவைப்படுவது உண்மை. கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். ஒரு பழைய இரும்புச் சட்டியும் விறகடுப்பும் போதும் என்பதால் வீட்டு முற்றத்திலேயே உருக்குகிறார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மேலே மிதக்கும் அழுக்கைக் கரண்டியால் வழித்து அப்படியே மண்ணில் கொட்டுகிறார்கள். அந்த அழுக்கும் தூளும் காரீயமே. பிறகு அதே குண்டு வலையிலிருந்து அறுந்து கடலிலும் ஆற்றிலும் விழுகிறது. ஐரோப்பிய முன்மொழிவு தோட்டாவோடு மீன்பிடிக் காரீயத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது இதனால்தான்.

சேர்ந்த காரீயத்தைக் கையுறை போட்டு, முகமூடி அணிந்து, ஈரப்படுத்தி அள்ளி, மூடியுள்ள வாளியில் எடை போட்டு வையுங்கள். பதிவு பெற்ற காரீய மறுசுழற்சி நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்து, ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாங்கிய தோட்டாவின் கணக்கு ஏற்கெனவே சட்டப்படி நம்மிடம் இருக்கிறது. 2,000 சுட்டால் 5.2 கிலோ போயிருக்க வேண்டும். வாளியில் எத்தனை கிலோ வந்தது என்று ஒவ்வொரு மாதமும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் ஏட்டில் முதல் மாதம் பாதிகூட வரவில்லை. கூரை போட்டு, மணலைச் சல்லடையில் சலிக்கத் தொடங்கிய பிறகு பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வருகிறது.

விலை ஏறும் முன் தோட்டா வாங்கிக் குவித்துவிடலாமா?

உங்கள் உரிமத்தில் உள்ள அளவுக்கு மேல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் அது குற்றம். அதனால் குவிக்கும் பேச்சுக்கே இடம் இல்லை. உரிமத்துக்குள் வாங்கும்போது, உங்கள் குழலுக்குப் பொருந்திய ஒரே தொகுதி எண்ணில் ஒரு பருவத்துக்கு வேண்டியதை வாங்குங்கள். காரீயமில்லாத தோட்டா ஒரு பெட்டி கிடைத்தால் அதையும் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். சுடும் முன் குழலைச் சுத்தம் செய்து, தாங்கியில் வைத்து, பத்துப் பத்தாக ஐந்து தாள் சுட்டு, தாள்களில் தேதியும் காற்றின் நிலையும் எழுதி வையுங்கள். எங்களிடம் அப்படி மூன்று தாள்கள் இருக்கின்றன. நீங்கள் சுட்டவற்றையும் கொண்டுவந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.